நான்கு தரப்பும் ஒரு நிலமும்: பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய இராச்சியத்தின் பிரதமர் அவர்களுக்கும் அமைச்சரவைக்கும் வணக்கம்.

மதுரையில் நிலத் தாவாக்களை நடத்தும் வழக்கறிஞன் நான். ஆங்கிலேயர் காலத்தில் எங்களுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த உங்கள் பிரிவி கவுன்சிலின் பழைய தீர்ப்புகளை இன்றும் எங்கள் நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டுகிறோம். அவற்றுள் நான் பெரிதும் மதிப்பது 1868-ஆம் ஆண்டின் இராமநாதபுரம் ஜமீன் வழக்கு. வாரிசு இல்லை, ஜமீன் சர்க்காருக்கே என்றார் மதுரை கலெக்டர். ஜமீனின் விதவை ராணி எடுத்த தத்து செல்லும் என்றது பிரிவி கவுன்சில். ஐயமற நிறுவப்பட்ட வழக்கம், எழுதிவைத்த சாஸ்திரத்தையும் விஞ்சும் என்று அது சொன்னதைப் பலமுறை நீதிபதிகள் முன் படித்துக் காட்டியிருக்கிறேன்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1918-இல் அதே மன்றம் தெற்கு ரொடீசியா நிலம் குறித்துச் சொன்னதைப் படித்தபோது என்னால் அதைத் தாங்க முடியவில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

இன்றைய ஜிம்பாப்வேதான் அந்த நாடு. யாருக்கும் இன்னும் விற்றுக் கொடுக்கப்படாத நிலம் அங்கே கோடிக்கணக்கான ஏக்கர் கிடந்தது. அது யாருடையது என்ற கேள்வியை உங்கள் அரசு 1914-இல் பிரிவி கவுன்சிலுக்கு அனுப்பியது. சிசில் ரோட்ஸ் தொடங்கிய பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி, வென்றதும் ஆண்டதும் நாங்கள், ஆகவே நிலமும் எங்களுடையது என்றது. வெள்ளைக் குடியேறிகள் கம்பெனியின் உரிமையை மறுத்தார்கள். முடியரசு தனக்கே என்றது. நான்காவது தரப்பு, அந்த மண்ணில் ஏற்கெனவே உழுதும் மாடு மேய்த்தும் வாழ்ந்த ஷோனா, இண்டபெலே மக்கள். அவர்களில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. லண்டன் சங்கம் ஒன்றின் முயற்சியால் ஒரு வழக்கறிஞர் அவர்களுக்காகப் பேசினார்.

பத்திரம் பார்ப்பது என் தொழில். கம்பெனி கையில் இருந்த காகிதங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். 1888-இல் இண்டபெலே அரசர் லோபெங்குலா முத்திரையிட்ட, ரோட்ஸின் ஆள் ருட் பெற்ற ஒப்பந்தத்தில் இருப்பது உலோகங்களையும் கனிமங்களையும் எடுக்கும் உரிமை மட்டுமே. நிலம் கைமாறியதாக அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்குத் தருவதாகச் சொன்னவை மாதம் 100 பவுன், 1,000 துப்பாக்கிகள், 1,00,000 தோட்டாக்கள். தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த அரசர், அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று விக்டோரியா அரசிக்கே எழுதினார். 1891-இல் லிப்பர்ட் என்பவர் பெற்ற இன்னொரு ஒப்பந்தம் நிலத்தைப் பற்றியது. அதைக் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது.

அதற்கும் முன்பாக, லோபெங்குலாவின் தூதர்கள் இருவர் கடல் கடந்து வந்து அரசியைப் பார்த்தார்கள். 1889 மார்ச் 26 தேதியிட்டு, அரசியின் பெயரால் உங்கள் காலனி அமைச்சர் நட்ஸ்ஃபோர்டு பிரபு அவர்களிடம் ஒரு கடிதம் கொடுத்தார். அரசன் அந்நியனுக்கு ஒரு மாட்டைக் கொடுக்கலாம், மந்தையையே கொடுத்துவிட்டால் பின்னால் வருகிற அந்நியர்கள் எதைத் தின்பார்கள் என்று கேட்டது அந்தக் கடிதம். மாடுகளோடு வாழ்ந்த மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொன்ன புத்திமதி. ஏழே மாதத்தில், அதே அரசியின் பெயரால் கம்பெனிக்கு அங்கே ஆளும் சாசனம் கொடுத்தீர்கள். 1893-இல் கம்பெனி படையெடுத்தது. படையில் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் சுமார் 6,000 ஏக்கர் நிலமும், கொள்ளையடிக்கும் மாடுகளில் பங்கும் என்பது முன்கூட்டியே எழுதிக்கொண்ட உடன்பாடு. லோபெங்குலா ஓடிப்போன வழியிலேயே இறந்தார்.

1918-இல் கம்பெனி தோற்றது; நிலம் முடியரசுக்கே என்றானது. கம்பெனி தோற்றது சரியான முடிவு. லிப்பர்ட் காகிதத்தால் நில உரிமை வராது என்று தீர்ப்பை அளித்த சம்னர் பிரபு எழுதினார். அதையும் ஏற்கிறேன். ஆனால் நான்காவது தரப்பிடம் வந்தபோது அவர் மக்களையே தரம் பிரித்தார். சில இனங்கள் சமூகப் படிநிலையில் மிகவும் தாழ்ந்தவை, அவற்றின் வழக்கங்களும் உரிமை பற்றிய எண்ணங்களும் நாகரிகச் சமூகத்தின் சட்டத்தோடு பொருந்தா என்றார். நிலம் இப்போது யாருடையதாக இருந்தாலும் பூர்வகுடிகளுடையது அல்ல என்று முடித்தார். இராமநாதபுரத்தில் சாஸ்திரத்தை விஞ்சிய வழக்கம், ஆப்பிரிக்காவில் சாட்சிக் கூண்டுவரைகூட வரவில்லை.

அதன்பின் பணம் பிரிக்கப்பட்டது. ஆண்ட செலவில் வந்த பற்றாக்குறையை ஈடுகட்டக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. 1923-இல் நீங்கள் கம்பெனிக்குக் கொடுத்தது 37,50,000 பவுன். 1930-இன் நிலப் பங்கீட்டுச் சட்டம், ஐம்பதாயிரம் பேர் அளவில் இருந்த வெள்ளையருக்கு நாட்டின் சரிபாதியை, சுமார் 4.9 கோடி ஏக்கரை, ஒதுக்கியது. 2000-க்குப் பிறகு அரசு கையகப்படுத்தியதால் பண்ணைகளை இழந்த வெள்ளை விவசாயிகளுக்கு, அவர்கள் நிலத்தில் செய்த மேம்பாடுகளுக்காக 350 கோடி டாலர் தருவதாக ஜிம்பாப்வே அரசு 2020-இல் ஒப்புக்கொண்டது. அந்தப் பண்ணைகள் சீர்கெட்ட விதத்தையும் அப்போது நடந்த வன்முறையையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கம்பெனிக்கு ஈடு உண்டு, குடியேறியவருக்கு ஈடு உண்டு என்ற கணக்கில், 1893-இல் மாட்டையும் மண்ணையும் இழந்தவர்களின் பெயரை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1992-இல், பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற மாபோ வழக்கில், மக்களைத் தரம் பிரிக்கும் அந்தக் கருத்தைப் பெயர் சொல்லி நிராகரித்தது. அதை 1918-இல் சொன்ன பிரிவி கவுன்சிலே திரும்பப் பெறுவதுதான் முறை. அதற்கு வழியும் உங்களிடம் இருக்கிறது. 1833-ஆம் ஆண்டு நீதிக்குழுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, மன்னர் எந்த விஷயத்தையும் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்கு ஆலோசனைக்காக அனுப்பலாம். 1914-இல் போன கேள்வியும் அந்த வழியில் போனதுதான். இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறதோ அதை மாற்றும்படி நான் கேட்கவில்லை. பூர்வகுடிகளின் உரிமை குறித்து 1918-இல் சொன்னது சட்டப்படி சரிதானா என்ற ஒரே கேள்வியை அனுப்புங்கள். இம்முறை ஷோனா, இண்டபெலே மக்களின் பிரதிநிதிகள் நேரில் வந்து, தங்கள் வழக்கம் என்ன என்பதைத் தங்கள் வாயால் சொல்லட்டும். அவர்களுக்கான செலவை உங்கள் கருவூலம் ஏற்கட்டும்.

ஆவணங்களில் முதலாவதாக, 1889 மார்ச் 26 தேதியிட்ட அந்தக் கடிதத்தை வையுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர்