நாலு வீல் டிரைவ் இருந்தால் போதாது, டயர் பிடிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் மலைச்சாலைகளில் வண்டிகள் வழுக்குவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் மலைக்குப் போகிறவர்கள் நாலு வீல் டிரைவ் வண்டி எடுத்துப் போனால் கவலையில்லை என்கிற மாதிரி அதில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் போடியிலிருந்து முந்தல், போடிமெட்டு வழியாகக் கேரளத்தில் இருக்கிற பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன் நான். அந்த வரியை நம்பி யாராவது குடும்பத்தோடு ஜூலை மழையில் மலையேறிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாலு வீல் டிரைவ் என்ன செய்கிறது? இன்ஜின் இழுவையை இரண்டு சக்கரத்துக்குப் பதிலாக நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் சேற்றில் மாட்டாமல் ஏற அது உதவும். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது, சாதாரண மாருதிக்கும் அப்படித்தான். அங்கே வண்டியை நிறுத்துவதும் வளைவில் வெளியே தள்ளாமல் பிடித்து வைப்பதும் ஒவ்வொரு டயரும் தரையில் பதிகிற உள்ளங்கை அளவு ரப்பர்தான். மலையில் வண்டிகள் அதிகம் வழுக்கிப் போவது ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் என்பது இந்த ரோட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

சரி, எந்த டயர்? கடையில் மூன்று வகை சொல்வார்கள். எச்.டி. என்பது தார் ரோட்டுக்கு, எம்.டி. என்பது சேற்றுக்கு, ஏ.டி. என்பது இரண்டுக்கும் நடுவில். இப்போது புதிதாக ஜீப் வாங்குகிற பையன்கள் எல்லோரும் எம்.டி. டயர்தான் கேட்கிறார்கள். டயரின் மேல் பெரிய பெரிய பட்டன், அதாவது துருத்தி நிற்கிற ரப்பர்க் கட்டிகள், பார்க்கக் கம்பீரமாக இருக்கும், எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்தது. பத்து வருடத்துக்கு முன் நானும் நாலு எம்.டி. டயர் வாங்கிப் போட்டேன். தோட்டத்துக்குள் களிமண்ணில் அது போன போக்கே தனி, பட்டன்களுக்கு நடுவில் இருக்கிற அகலமான பள்ளம் சேற்றை அள்ளி வெளியே வீசிவிட்டு அடுத்த சுற்றுக்குச் சுத்தமாக வந்து கடிக்கும். ஆனால் அந்தப் பள்ளம்தான் தார் ரோட்டில் வினை. பள்ளம் இருக்கிற இடத்தில் ரப்பர் இல்லை, அதனால் நனைந்த தாரில் பதிகிற பரப்பு குறைந்துவிடுகிறது. கோடை மழையின் முதல் தூறலில், ரோட்டில் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கிற நேரத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத்தான் திரும்பினேன், முன்பக்கம் நேராகவே போய்த் தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. பின்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று அந்தப் பெண்கள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த மாதமே டயர்களை மாற்றிவிட்டேன்.

உங்கள் வண்டி நூறு கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓடி ஐந்து கிலோமீட்டர் மண் ரோட்டில் ஏறுகிறது என்றால் ஏ.டி. டயர் போதும். எங்கள் ஆட்கள் தோட்டத்தில் சேறு ரொம்ப மோசமானால் டயரில் சங்கிலி மாட்டி ஏறுவார்கள், தாருக்கு வந்ததும் கழற்றிவிடுவார்கள். அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்ற நினைப்பும் எப்போதும் சரியில்லை. பழைய ஜீப்புகளில் 6.00-16 என்று ஒல்லியான டயர்தான் வந்தது, அது மேல் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கிக் கீழே இருக்கிற கெட்டி மண்ணைப் பிடிக்கும். அகலமான டயர் சில சமயம் சேற்றின் மேலேயே மிதந்து வழுக்கும்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாருதி ஜிம்னி வண்டியில் கம்பெனி கொடுப்பது 195/80 ஆர்15, அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம், மொத்தக் குறுக்களவு 693 மில்லிமீட்டர் வரும். அதில் 235/75 ஆர்15 போட்டால் 733 மில்லிமீட்டருக்கு மேல் போகிறது, கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், பெரிய சக்கரம் போட்டால் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் உயர்ந்துவிட்ட மாதிரி ஆகிறது. ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்துகிற பலமும் குறையும், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசும், கொண்டை ஊசியில் முழுசாக ஒடிக்காமல் எப்படித் திரும்புவது? அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று 2019 சட்டத் திருத்தத்தில் இருப்பதையும் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. ரிம் விஷயத்தில் பெரியதைவிடச் சின்னது மேல். 2020-இல் வந்த மஹிந்திரா ‘தார்’ வண்டியில் 16 அங்குல ரிம்மோடு 245/75 டயர் வந்தது, 18 அங்குல ரிம்மோடு 255/65 வந்தது. 18 பார்க்க அழகு. ஆனால் 16-இல் டயரின் பக்கவாட்டு உயரம் 18 மில்லிமீட்டர் அதிகம், பாறையில் ஏறி இறங்கும்போது அடி ரிம்முக்குப் போகாமல் வாங்கிக்கொள்வது அந்த உயரம்தான்.

இதையெல்லாம் விட முக்கியமானது காற்று. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

தார் ரோட்டுக்கு அடித்த 32, 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றோடு கல்லும் மண்ணுமான பாதையில் ஏறினால் டயர் கல்லின் மேல் பந்து மாதிரி துள்ளும். துள்ளும்போது பிடிப்பு போகும், சக்கரம் சும்மா சுற்றும், சுற்றுகிற டயரின் பக்கவாட்டில் கூர்மையான கல் கிழிக்கும். பக்கவாட்டில் கிழிந்த டயரை எந்தப் பஞ்சர் கடையிலும் சரி செய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். காற்றை 20-க்கோ 18-க்கோ இறக்கிவிட்டால் டயர் நீளவாக்கில் தட்டையாகி, தரையில் பதிகிற ரப்பர் கூடி, கல்லைச் சுற்றி மடங்கி உட்காரும். ஒரு ஏற்றத்தில் மூன்று முறை முட்டிப் பார்த்துத் திரும்பின வண்டி, காற்றை இறக்கியதும் அலட்டாமல் லோ கியரில் ஏறிப் போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ரொம்பவும் இறக்கினால், 12-க்குக் கீழெல்லாம் போனால், திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

அப்புறம்தான் ஆபத்து. மண் பாதை முடிந்ததும் அப்படியே 18 பிஎஸ்ஐ-யோடு 80-இல் தேனி ரோட்டில் பறக்கிறார்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும், அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது. காற்றை இறக்கத் தெரிந்தவர் திரும்ப ஏற்றவும் வழி வைத்திருக்க வேண்டும். பேட்டரியில் கவ்வி போட்டு ஓட்டுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும், பெரிய டயருக்குப் போடுகிற பணத்தில் கால்வாசிகூட ஆகாது.

இன்னொன்று, நாலு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். பணத்துக்காக முன்னால் புதுசு இரண்டு, பின்னால் தேய்ந்தது இரண்டு மாட்டிவிட்டு நாலு வீல் டிரைவைப் போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயன்று முறுக்கு முழுவதும் கியர் பெட்டிக்குள் போகும். அதனால் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இடம் மாற்றிப் போடுங்கள். டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் காற்று அளவைக் காட்டும் கருவியும் இருந்தால் சிறிய வண்டிகளுக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-இல் விதி வந்தது. ஊருக்குள் அது சரியாக இருக்கலாம். பக்கவாட்டு கிழிந்து காட்டுக்குள் நிற்கிறவனுக்கு அந்தக் கிட்டால் ஒரு பயனும் இல்லை.

கடைசியாக எங்கள் ஜீப்புகளைப் பற்றியும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. விடியற்காலையில் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகளில் மொட்டை டயரோடு ஓடுகிறவை இன்னும் இருக்கின்றன. பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக் கூடாது என்பது விதி. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதாகிப்போன டயர்களும் உண்டு, டயரின் பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. எனக்கே ஒரு கடையில் ஆறு வருடம் பழைய டயரைப் புதுசு என்று விற்றார்கள், வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், அதிலிருந்து எண்ணைப் படிக்காமல் பணம் கொடுப்பதில்லை. கூலிக்கு ஓட்டுகிறவர் ஐந்து டயரை ஒரே சமயத்தில் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்துக்கு, ஜீப்பில் பின்னால் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேர் விலை கொடுக்கக் கூடாது. தோட்ட முதலாளிகள் ஜீப் வாடகையோடு டயருக்கு என்று தனியாக ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும், இதை அவர்களிடம் நேரிலும் கேட்டிருக்கிறேன், உங்கள் பத்திரிகை வழியாகவும் கேட்கிறேன்.

சோதனைச்சாவடிகளில் லைசென்ஸும் பெர்மிட்டும் பார்க்கிறவர்கள் குனிந்து நாலு டயரையும் ஒரு நிமிடம் பார்க்கட்டும். முந்தலிலும் போடிமெட்டிலும் விடியற்காலை நாலு மணியிலிருந்து காற்று பிடிக்க ஒரு இடம் இருக்கட்டும். மழை தொடங்குவதற்கு முன்னால் இதைச் செய்தால் இந்த வருடமே பலன் தெரியும்.

இப்படிக்கு,
ஏலத்தோட்ட ஜீப் ஓட்டுநர்,
போடிநாயக்கனூர்