அயர்லாந்தின் கார்க் ஊரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மீனா,

நீ வாசித்து அனுப்பிய பதிவை நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன். அப்பா தூங்கியபிறகு, சமையலறையில் உட்கார்ந்து. 14 வயதில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய வயலினை அயர்லாந்துக்குப் போய்த் திறப்பாய் என்று நான் நினைத்ததே இல்லை. அதுவும் ஃபிடில் என்ற பெயரில்! சரி, பெயர் என்னவானாலும் வாத்தியம் அதேதான்.

நீ சொன்ன பெயர்களையெல்லாம் தேடிக் கேட்டுக் கேட்டு இந்த ஆறு மாதத்தில் எனக்கும் காது கொஞ்சம் பழகிவிட்டது. அதனால் கேட்கிறேன்: முதல் மெட்டில் அயர்லாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள டோனகால்காரர்கள் மாதிரி ஸ்வரத்துக்கு ஒரு வில்லாக வெட்டி வெட்டிப் போடுகிறாய். அடுத்ததில் மேற்குப் பக்கத்துக் கிழக்கு கிளேர்காரர்கள் மாதிரி நிதானமாக, ஏக்கத்தோடு இழைக்கிறாய். யூடியூபில் பார்த்ததெல்லாம் கையில் ஏறிக்கொள்கிறதா?

டோனகால்காரர்கள் அப்படி வாசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கிருந்து ஸ்காட்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போய்வந்தவர்கள் அந்த நாட்டு மெட்டுகளையும் கொண்டுவந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றிய தகரவேலைக் குடும்பத்தில் பிறந்த ஜான் டோஹர்ட்டி வாசித்ததைக் கேள். பேக்பைப் ஊதுகிற மாதிரியே இருக்கும். அது அந்த மண்ணில் விளைந்தது.

கூடவே மைக்கேல் கோல்மன் கதையையும் நினைத்துக்கொள். அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்து 1914இல் அமெரிக்கா போன ஃபிடில்காரர். 1920களில் நியூயார்க்கில் அவர் வாசித்த இசைத்தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பி வந்தன. ஊருக்கு ஊர் பையன்கள் அவரைப்போலவே வாசிக்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் வில் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. கோல்மனைக் குறை சொல்ல முடியாது, கேட்டால் எனக்கே மயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாத்தாக்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

உனக்கு அப்படி ஒரு தாத்தா கிடைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ போகிற பெரியவர் ஷ்லீவ் லூக்ராக்காரர் என்றாயே, கார்க்கும் கெர்ரியும் சேருகிற எல்லைப்பக்கம். அங்கேதான் பாட்ரிக் ஓகீஃப் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் வேலை போனபிறகு வீடு வீடாக நடந்துபோய் ஃபிடில் சொல்லிக்கொடுத்தவர். 1963இல் இறந்தார். மேல்நாட்டு இசையை எழுதுகிற ஐந்து கோடுகளுக்கு நடுவிலுள்ள நான்கு இடைவெளிகளை நான்கு தந்திகளாக வைத்துக்கொண்டு, அதில் விரல் எண்ணை எழுதிக் கொடுப்பாராம். உன் ஸ்வர நோட்டில் நான் எண் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அவரிடம் படித்த டெனிஸ் மர்ஃபியும் அவர் தங்கை ஜூலியா கிளிஃபர்டும் ஒரே மெட்டை ஒருவர் மேல் ஸ்தாயியிலும் மற்றவர் கீழ் ஸ்தாயியிலும் சேர்ந்து வாசிப்பார்கள். அதைக் கேட்டபோது அடுப்பில் பால் பொங்கிப் போய்விட்டது.

ஒரு வருஷம் அந்தப் பெரியவரின் வலது கையை மட்டும் பார், கண்ணு. மெட்டை எந்த ஊர்க்காரரிடமும் வாங்கிவிடலாம். ஊர் தெரிவது வில்லில்தான். போல்காவில் அவர் வில்லை எங்கே திருப்புகிறார், எந்த இடத்தில் அழுத்துகிறார், எத்தனை ஸ்வரத்தை ஒரே இழுப்பில் சேர்க்கிறார் என்று பார். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவதற்கான பாட்டு அது. அந்த அழுத்தம் தப்பினால் ஆடுகிறவர்களுக்குக் கால் எழும்பாது. அப்புறம் டோனகாலோ, ஷெட்லாந்தோ, எங்கே வேண்டுமானாலும் போ.

இன்னொன்று. பதிவு முழுக்க டக் டக்கென்று கேட்கிறது, அடுத்த தடவை எடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் கால்தானே? சின்ன வயதிலும் தட்டுவாய். நாம் தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் சாய்த்து வாசிக்கிறோம். கால் ஆடினால் வயலினே ஆடும். அதை உனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் வில்லை வைத்து முழங்காலில் அடித்தேன். அடுத்த வாரம் நீ பெட்டியைப் பூட்டினாய். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும்தான்.

அங்கே நாற்காலியில் உட்கார்ந்துதானே வாசிக்கிறாய், கால் சும்மாதானே இருக்கிறது. அந்தச் சத்தத்தை எடுக்காமல் அனுப்பு.

அம்மா