‘காலி டப்பா’ பற்றி: செய்திப்பெட்டி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் குரல்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் சிரிப்புப் பொம்மை வேறு போட்டு. “காலி டப்பாவைக் கொடுத்துட்டு வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு வாங்குறான்” என்பதுதான் அதில் முக்கால்வாசி. டப்பா என்றது, யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் மடல்களை எடுத்து வைக்க உங்கள் வீட்டில் நான் பொருத்தித் தரும் செய்திப்பெட்டியை; ஆயிரத்து இருநூறு, அதன் வருடப் பராமரிப்புக் கட்டணம். பேசியவர் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடை டவுன் ஹால் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த காலத்திலிருந்து வருகிறவர். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் ‘காலி டப்பா’ என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டி வேலையை நான் தேடிப் போகவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். யூஸ்நெட்டைப் படிக்கவும் எழுதவும் வழி தந்துவந்த கூகுள் குரூப்ஸ் தளம், 2024 பிப்ரவரி 22-ஆம் தேதியோடு அதைக் கைகழுவியது. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கலாம், புதியது எதுவும் வராது, நம்மாலும் எழுத முடியாது என்றானது. கர்நாடக இசைக் குழுவை விடாமல் படிக்கும் மாமி, சி மொழிக் குழுவில் இன்னமும் சண்டை போடும் பேராசிரியர், கணிதப் புதிர்க்காரர்கள் இருவர் என்று உங்களில் ஆறேழு பேர் அடுத்த வாரமே வந்து நின்றீர்கள். அப்போதுதான் ராஸ்ப்பெர்ரி பை என்ற கைக்கடக்கமான குட்டிக் கணினி ஒன்றில், யூஸ்நெட் கட்டுரைகளை எடுத்து வந்து வைக்கும் லீஃப்நோட் மென்பொருளைப் போட்டு, வீட்டு ரவுட்டரோடு இணைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

மடல் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டிலிருந்து நேராகவே வெளியே இருக்கும் யூஸ்நெட் சர்வருக்குப் போகலாமே, நடுவில் உன் பெட்டி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. போகலாம், தடையில்லை. அப்படிப் போனால் நெட் இருக்கும்போதுதான் படிக்க முடியும். சர்வர்காரர் எத்தனை நாள் வைத்திருக்கிறாரோ அத்தனை நாள்தான் கட்டுரை இருக்கும். பெட்டி இருந்தால் அதுவே போய் எடுத்து வந்து வைத்துக்கொள்ளும், மழைக்கு நெட் போனாலும் நீங்கள் படிக்கலாம். இதை அன்றைக்கே சொல்லித்தான் கொடுத்தேன்.

இனி காலி டப்பா விஷயம்.

உலகத்தில் இருக்கும் எல்லாக் குழுவையும் லீஃப்நோட் அள்ளிக்கொண்டு வராது. முதல் தடவை ஓடும்போது குழுக்களின் பெயர்ப்பட்டியலை மட்டும் வாங்கி வைக்கும், அதுவே பல்லாயிரம் பெயர். நீங்கள் ஒரு குழுவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு மடல் இருக்கும். இந்தக் குழுவை இதுவரை யாரும் படிக்கவில்லை, நீங்கள் திறந்ததைக் குறித்துக்கொண்டேன், அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அது லீஃப்நோட் தானாக வைக்கும் இடம்பிடிப்பு மடல். அதைத் திறப்பதுதான் நீங்கள் கொடுக்கும் ஆர்டர். பிறகு ஃபெட்ச்நியூஸ் என்ற நிரல் ஒருமுறை ஓடி வெளி சர்வரைத் தொட்டுவிட்டு வரவேண்டும். அதற்குப் பிறகே கட்டுரைகள் வரும். பேப்பர் ஏஜென்ட்டிடம் சொன்ன நிமிஷமே பேப்பர் கையில் கிடைக்காது, மறுநாள் காலையில்தானே வாசலில் விழும்? அந்தக் கதைதான்.

சப்ஸ்கிரைப் என்று தண்டர்பேர்டில் டிக் போட்டால் போதும் என்று நினைத்தவர்கள் பலர். அந்த டிக் உங்கள் கணினியோடு நின்றுவிடும், பெட்டிக்குத் தெரியாது. குழுவை உண்மையிலேயே திறக்க வேண்டும்.

சரி, குரல்பதிவு போட்ட நம் அய்யா வீட்டில் மூன்று வாரமாக அந்த ஒற்றை மடலே இருந்ததே, அது ஏன்? நானே நேரில் போய்ப் பெட்டியின் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். ஃபெட்ச்நியூஸ் இரவு மூன்று மணிக்கு ஓடும்படி வைத்திருந்தது. அய்யா இரவு பத்து மணிக்கு டிவி, ரவுட்டர், பெட்டி எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். நாற்பது வருஷப் பழக்கம், கரண்ட் பில்லும் அப்படித்தான் குறைவு. ஆக, பதிவேட்டில் மூன்று மணிக்கு ஓடியதற்கு ஒரு வரி கூட இல்லை. ஆர்டர் கொடுத்தாயிற்று, எடுத்து வருகிற ஆள் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. லீஃப்நோடில் ஒரு கோளாறும் கிடையாது. இரவில் அணைப்பீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. இப்போது எல்லாப் பெட்டியிலும் ஸ்விட்ச் போட்டு எழுந்ததும் ஒருமுறை, பிறகு மணிக்கொருமுறை ஓடும்படி மாற்றிக்கொண்டு வருகிறேன். ஆனாலும் ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருக்கும் ஸ்விட்சைப் படக்கென்று அணைத்தால் உள்ளே இருக்கும் எஸ்டி கார்டு ஒருநாள் போய்விடும். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

வேறு இரண்டு வீட்டில், வந்துகொண்டிருந்த குழு திடீரென்று நின்றுபோனதாகப் புகார். ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு விட்ட குழுவை லீஃப்நோட் இரண்டு நாளில் கைவிடும். தொடர்ந்து படித்துக்கொண்டிருந்த குழுவானால் கடைசியாகத் திறந்த நாளிலிருந்து ஏழு நாள் பொறுக்கும். மகள் வீட்டுக்குப் பெங்களூர் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் நின்றுதான் இருக்கும். வாசலில் பேப்பர் குவிந்தால் ஏஜென்ட்டும் நிறுத்தத்தானே செய்வார். லீஃப்நோடின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் இந்த இரண்டையும் முறையே 15 நாள், 60 நாள் என்று ஏற்றித் தருகிறேன். கட்டுரைகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்கும் அங்கே ஒரு வரி உண்டு. மாதிரிக் கோப்பில் இருந்த 20 நாளையே ஆரம்பத்தில் விட்டிருந்தோம், அதை 365 ஆக்குகிறேன். வெறும் எழுத்துதான், ஒரு கட்டுரை சில கிலோபைட். நாலு குழுவுக்குச் சேர்த்து அனுப்பிய கட்டுரையையும் லீஃப்நோட் ஒரே பிரதியாகத்தான் வைக்கும், ஆகவே இடம் பற்றிய கவலை வேண்டாம். ஏற்கெனவே கழிந்துபோனவை மட்டும் திரும்ப வராது. எந்த எண் வரை எடுத்தோம் என்று அது குறித்து வைத்துக்கொண்டு அதற்கு மேலேதான் கேட்கும்.

எழுதிய மடல் போகவில்லை என்று மூன்று தடவை அனுப்பியவருக்கு: நீங்கள் அனுப்புவது முதலில் பெட்டியிலேயே தங்கும், அடுத்த ஓட்டத்தில்தான் வெளியே போகும். உங்கள் மடல் மூன்றும் போய்ச் சேர்ந்துவிட்டன. அமெரிக்காவிலிருந்து ஒருவர் அதற்குக் கிண்டலாகப் பதில் போட்டிருப்பதையும் பார்த்தேன்.

சேமித்து வைத்த பழைய தமிழ் மடல்கள் புள்ளியும் கோடுமாகத் தெரிவதற்கும் பெட்டி காரணமில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் தட்டியவை அவை. அதற்கேற்ற எழுத்துரு வேண்டும், அல்லது யூனிகோடுக்கு மாற்றிப் படிக்கவேண்டும். கடைக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.

“முந்தி நாளைக்கு நூறு வந்ததே, இப்போ ரெண்டுதான் வருது” என்பவர்கள், அந்த நூறு என்னவென்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2023 கடைசியில் கூகுள் குரூப்ஸ் வழியாக மாத்திரை விளம்பரமும் சூதாட்ட விளம்பரமும் கொட்டின. அந்த வழி அடைபட்டதும் குப்பை போனது, மிச்சம் இருப்பது மனிதர்கள். தமிழ்ப் பண்பாட்டுக் குழுவில் இப்போது ஆள் நடமாட்டம் குறைவு என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

சென்ற மாதம் ஒன்பது நாள் எல்லோருக்குமே புதிதாக எதுவும் வரவில்லை. வெளி சர்வரில் எங்கள் கடையின் கணக்கில் சின்னக் குழப்பம், சரியாகிவிட்டது. இனி ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனிக் கணக்கு இருக்கவேண்டும் என்று சர்வர்காரர் சொல்லியிருப்பதால் ஒரு படிவம் அனுப்புகிறேன், மின்னஞ்சல் முகவரியை எழுதித் தாருங்கள்.

வீடு வீடாக வந்து பெட்டி பொருத்திய தம்பி ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நல்ல பையன், நன்றாக இருக்கட்டும். லீஃப்நோடின் 1-ஆம் வரிசைக்கு மறையாக்கம், அதாவது தகவலைப் பூட்டி அனுப்புவது, தெரியாது; அதனால் சர்வரில் பூட்டிய இணைப்புக்கான வாசலான 563-ஆம் போர்ட்டுக்குப் போக எஸ்டனல் என்று இன்னொரு நிரலைத் துணைக்கு வைக்கவேண்டும். அந்த நுணுக்கமெல்லாம் அவன் கையில் இருந்தது, நான் இப்போதுதான் பிடித்து வருகிறேன். ஆகவே கூப்பிட்ட அன்றே வர முடியாது, இரண்டு மூன்று நாள் ஆகும். பராமரிப்புக் கட்டணம் சித்திரை முதல் 1,500 ரூபாய்.

இத்தனைக்கும் நடுவில், “நம்ம கடைங்க, விசாரிக்காம பேசாதீங்க” என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிய நாலைந்து பேருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒருவர் தன் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஆயிரத்து முந்நூறு கட்டுரைகளைப் படம் பிடித்தே போட்டார். மாமி கடைக்கு வந்து, “உன் டப்பா நிறைஞ்சுதான் இருக்குடா” என்று சொல்லிவிட்டுப் போனார். கொரோனா காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது ரிப்பேருக்கு வராமலே முன்பணம் கொடுத்தவர்கள் நீங்கள். அதை நான் மறந்தவன் இல்லை.

குரல்பதிவு போட்ட அய்யா வீட்டுக்கு வியாழக்கிழமை காலை வருகிறேன். ஸ்விட்ச் போர்டில் ஒட்ட மஞ்சள் ஸ்டிக்கர் அடித்து வைத்திருக்கிறேன், ‘இதை மட்டும் அணைக்க வேண்டாம்’ என்று. மற்றவர்களுக்கும் வேண்டுமானால் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
டவுன் ஹால் ரோடு, மதுரை.