மேரி லூ வில்லியம்ஸ் பாடகி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜாஸ் பற்றிய முழுப்பக்கக் கட்டுரையைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். நான்காவது பத்தி வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். “மாங்க், பட் பவல் ஆகியோரின் தோழியும் பாடகியுமான மேரி லூ வில்லியம்ஸ்” என்று ஒரு வரி வந்தது. மாங்க், பவல் இருவரும் பேர்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர்கள். அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

மேரி லூ வில்லியம்ஸ் பியானோ வாசித்தவர். இசையமைத்தவர், பெரிய இசைக்குழுக்களுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தவர். பெண் என்றால் பாட்டுத்தான் பாடியிருப்பார் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். நீங்கள் போட்டிருந்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1958-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு வீட்டு வாசற்படியில் ஆர்ட் கேன் எடுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். 57 கலைஞர்கள் நிற்கும் அந்தப் படத்தில் பெண்கள் மூன்றே பேர். அந்த மூவரில் பாடகி மாக்சின் சல்லிவன் மட்டுமே. மேரி லூவும் மரியன் மெக்பார்ட்லாண்டும் பியானோக்காரர்கள்.

அப்புறம், ‘தோழி’. மேரி லூ 1910-இல் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். மாங்க் பிறந்தது 1917, பவல் 1924. பவல் சின்னப் பையனாக இருந்த காலத்திலேயே இவர் கான்சாஸ் சிட்டியில் ஆண்டி கிர்க் குழுவின் பியானோவில் உட்கார்ந்து, அந்தக் குழு வாசித்ததில் பெரும்பகுதியை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய ஜாஸ் குழுக்களை நடத்திய பென்னி குட்மனுக்கு எழுதினார், டியூக் எலிங்டனுக்கு எழுதினார், டிரம்பெட் வாசித்த டிசி கில்லெஸ்பிக்கும் எழுதினார். நாற்பதுகளில் ஹார்லெமில் இருந்த அவருடைய வீட்டுக்கு, கிளப் வாசிப்பு முடிந்து அகால நேரத்தில் மாங்கும் பவலும் கில்லெஸ்பியும் வருவார்கள். பியானோவைச் சுற்றி உட்கார்ந்து புதிதாகப் போட்ட மெட்டுகளை அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள், அவர் சொல்வதைக் கேட்பார்கள். மூத்தவரைத் தேடி இளையவர்கள் வந்த வீடு அது. ஒரு ஆணைப் பற்றி எழுதியிருந்தால் அங்கே ‘குரு’ என்ற சொல் தானாக வந்து விழுந்திருக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் 19 வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவள். கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை, கல்லூரி விழா என்று வாசிக்காத மேடை இல்லை. கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் பிட் எடுத்து எழுதுவதும் என் வேலைதான். விடிய விடிய எழுதியிருக்கிறேன். நோட்டீஸில் மட்டும் என் பெயர் பாடகிகள் வரிசையில் இருக்கும். கேட்டால், “பாக்குறவங்களுக்கு அதானே புரியும்” என்பார் குழுவை நடத்தியவர். மேடையை விட்டு இறங்கினால், “நீங்க ஏம்மா பாடவே இல்ல?” என்று கேட்காத ஊர் கிடையாது. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் லீவு போட்டபோது என் இடத்தில் வாசித்த பையனுக்கு, நான் எழுதி வைத்த நோட்ஸைப் பார்த்துத்தான் வாசித்தான், என்னைவிட நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் கப்பலில் வேலை பார்த்த என் மாமா கொண்டுவந்து கொடுத்த ஒரு கேசட்டில்தான் மேரி லூவை முதலில் கேட்டேன். இடது கை அப்படியே உருண்டு ஓடும், வலது கை அதன்மேல் அவசரமே இல்லாமல் பேசும். எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை கேட்டேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாக வந்தாலும் எனக்கு வலிக்கிறது.

உங்களிடம் சொல்ல இன்னும் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு மகளிர் தினத்துக்கு ‘இசையில் பெண்கள்’ என்று சிறப்பிதழ் போட்டீர்கள். பன்னிரண்டு பேரைப் பற்றி வந்தது. பன்னிரண்டு பேரும் பாடகிகள். வீணைக்கு ஒருவர், வயலினுக்கு ஒருவர் கூடவா நினைவுக்கு வரவில்லை? அதற்கு நான் எழுதிய கடிதத்தில் இரண்டு வரி மட்டும் வந்தது, அதுவும் ‘அருமையான சிறப்பிதழ்’ என்ற வரியும் அதற்கு அடுத்த வரியும். குறை சொன்ன பகுதி முழுக்கக் காணோம். போதாததற்கு என் பெயருக்கு முன்னால் ‘திரு.’ வேறு.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். அவர் வாழ்க்கையில் எழுத விஷயமா இல்லை? 1945-இல் பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வொன்றாக இசை எழுதி, அதே வருடம் டிசம்பர் 31 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் வாசித்தார். 1954-இல் பாரிஸில் வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார், மூன்று வருடம் மேடைப் பக்கமே வரவில்லை. கத்தோலிக்கரானார். போதைக்கு அடிமையான இசைக்கலைஞர்களுக்கு உதவுவதற்காகப் பழைய துணி, சாமான் விற்கும் கடை நடத்தினார். 1957-இல் கில்லெஸ்பியோடு நியூபோர்ட் ஜாஸ் விழா மேடையில் மறுபடி உட்கார்ந்தார். 1975-இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத் திருப்பலியில் அவர் எழுதிய ஜாஸ் இசை ஒலித்தது. 1977-இலிருந்து 1981-இல் இறக்கும் வரை டியூக் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ராக்டைம், ஸ்விங், பீபாப் என்று ஜாஸ் எத்தனை முறை மாறியதோ அத்தனை முறையும் கூடவே மாறி வாசித்தவர். உங்கள் கட்டுரையில் இவருக்குக் கிடைத்தது அரை வரி, அதிலும் இரண்டு தவறு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். ‘மேரி லூ வில்லியம்ஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர்’ என்று இருந்தால் போதும். குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வரட்டும். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால், என் கதையை எடுத்துவிடுங்கள், அவருடையதை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
26 வருட வாசகி,
நாகர்கோவில்.