அட்லாண்டிக்குக்கு ஒரு பால்கனி

அன்புள்ள முருகேசா,

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கொஞ்ச நாளைக்கு டிவி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே. சரி, நான் பார்த்ததை எழுதுகிறேன். மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேள்.

போன வாரம் 'குயின் மேரி 2' கப்பலைக் கட்டிய கதையைக் காட்டினார்கள். 345 மீட்டர் நீளம். பிரான்ஸில் சான் நசேர் என்ற துறைமுக ஊரில் கட்டியது. மூன்று லட்சம் எஃகுத் துண்டுகளை வெளியிலேயே 94 பிளாக்குகளாக வெல்டு செய்து, கிரேனில் தூக்கி, தண்ணீர் வடித்த கட்டுமானப் பள்ளமான ட்ரை டாக்கில் அடுக்கி இணைத்திருக்கிறார்கள். 2002 ஜூலையில் அடிக்கட்டை வைத்து, அடுத்த மார்ச்சில் மிதக்க விட்டுவிட்டார்கள். நம் ஃபேக்டரி ஷாப்பில் ஒரு பாய்லர் டிரம்மை உட்கார வைக்க நாம் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது பால்கனி விஷயம். சொகுசு உலாக் கப்பல் நல்ல வானிலை பார்த்துப் போகலாம், புயல் வந்தால் ஒதுங்கலாம். இது அப்படியல்ல. டிசம்பரிலும் தேதி தவறாமல் வட அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டிய லைனர். அதற்காக அதே அளவு உலாக் கப்பலைவிட 40 சதவீதம் கூடுதல் எஃகு போட்டிருக்கிறார்கள். அதற்கேற்ப விலையும் ஏறியது. போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் நிறைய அறைகளுக்குப் பால்கனி வேண்டும் என்பது முதலாளிகள் கணக்கு. தாழ்வாகப் பால்கனி வைத்தால் அலை வந்து அடித்து நொறுக்கிவிடும் என்பது கடலின் கணக்கு. வடிவமைத்த ஸ்டீபன் பெய்ன் என்ன செய்தார் தெரியுமா? சாப்பாட்டுக் கூடம், நடன அரங்கு எல்லாவற்றையும் கீழ்த்தளங்களுக்கு இறக்கி, பால்கனி அறைகளை அலை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டார். புகைபோக்கி குட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நியூயார்க் போகும் வழியில் வெரசானோ பாலத்துக்கு அடியில் நுழைய வேண்டுமே! மின்சாரம் எடுக்கும் கேஸ் டர்பைன்களை அந்தப் புகைபோக்கியின் அடியில், உச்சியிலேயே வைத்துவிட்டார்கள். கீழே வைத்தால் அவற்றுக்கான காற்றுக் குழாய்களே பாதி அறைகளைத் தின்றுவிடும். நம் டிராயிங் ஆபீஸ்காரர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த பெய்ன் சிறுவனாக இருந்தபோது, 1972ல், பழைய 'குயின் எலிசபெத்' கப்பல் ஹாங்காங்கில் எரிந்து கவிழ்ந்தது. இனி இப்படியொரு கப்பலை யாரும் கட்டப்போவதில்லை என்று 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் டிவி நிகழ்ச்சியின் ஆண்டு மலர் எழுதியதாம். பொடியன் அது தப்பு என்று அவர்களுக்கே கடிதம் போட்டிருக்கிறான்! அப்புறம் தானே கட்டியும் காட்டிவிட்டார். இப்படிப்பட்ட ஆளை எனக்குப் பிடிக்காமல் இருக்குமா?

பிடிக்காதது ஒன்று உண்டு. சரவிளக்கையும் சமையல்காரரையும் காட்டியதில் கால்வாசி நேரம்கூட வெல்டர்களுக்குக் கிடைக்கவில்லை. 2003 நவம்பர் 15 அன்று, கட்டி முடிக்கும் தறுவாயில், வேலை பார்த்தவர்கள் தங்கள் குடும்பத்தாருக்குக் கப்பலைக் காட்டக் கூட்டிவந்தார்கள். ஏறுபாலம் முறிந்து ட்ரை டாக்குக்குள் பதினைந்து மீட்டர் ஆழத்தில் விழுந்தார்கள். 16 பேர் போய்விட்டார்கள். இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு எலிசபெத் ராணி பெயர் சூட்டிய விழாவுக்குத் தாவிவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் நம் நாட்டிலிருந்து போய் அங்கே வேலை செய்தவர்கள் சம்பளத்துக்காகப் போராடிய கதையும் இருக்கிறது. அது ஒரு வரிகூட வரவில்லை. கம்பெனி உதவியோடு எடுத்த படம் போலும். நம் ஷாப்பில் புது பாய்லர் அனுப்பும் நாளிலும் போட்டோவில் யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று உனக்குத் தெரியாதா?

இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்திருக்கிறது. உன் தம்பி வீட்டுப் பக்கம்தான் ரூம் பார்க்கிறோம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. தை பிறந்ததும் திருச்சி வருகிறேன். அதுவரை சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, ஸ்கூட்டரைத் தொடாதே.

அன்புடன்,
சேது