புயலுக்கு மறுநாளைக்கும் ஒரு திட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையைச் சமாளிக்க மாவட்ட நிர்வாகங்கள் தயார் என்று தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். மணல் மூட்டை, ஜேசிபி, ரப்பர் படகு, கட்டுப்பாட்டு அறை, 1077 உதவி எண். வருடா வருடம் வரும் பட்டியல்தான், எல்லாமே தேவைதான். ஆனால் அதில் இருக்கும் பெரும்பாலானவை புயல் கரையைக் கடக்கும் இரவு வரைக்கும் உதவுகிறவை. வேதாரண்யம் வட்டத்துக் கடலோரக் கிராமத்தில் இருக்கும் எங்களுக்குக் கஜா புயலில் உண்மையான கஷ்டம் மறுநாள் காலையில்தான் தொடங்கியது.

2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம். முன்னெச்சரிக்கை விஷயத்தில் அரசைக் குறை சொல்ல முடியாது. 80 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1952, 1977 புயல்களைப் பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர்களே, அந்தக் காலத்தில் இப்படி யார் வந்து கூப்பிட்டார்கள் என்று சொன்னார்கள்.

அந்த இரவில் ஒரே ஒரு குறை இருந்தது. நடுவில் காற்று சுத்தமாக அடங்கியது. முகாமில் இருந்த சிலர், சரி, புயல் போய்விட்டது என்று கட்டிப்போட்ட மாடுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். கடந்துகொண்டிருப்பது புயலின் கண், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்பி வரும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. வடக்கேயிருந்து அடித்த காற்றில் பாதி சாய்ந்து நின்ற தென்னைகள், தெற்கேயிருந்து திரும்பி வந்த காற்றில்தான் மொத்தமாக விழுந்தன. முகாமுக்கு ஒருவர் இதைத் தெரிந்தவராக இருந்தால் போதும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

விடிந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்ததாக அரசே சொன்னது. உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மற்ற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டி காலி. வெள்ளம் சுற்றி நிற்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. மணல்மேட்டை ஒட்டித்தான் நல்ல தண்ணீர் ஊறும். அங்கே பழைய கைப்பம்பு ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அதைத் தொட்டவர் கிடையாது. கஜாவுக்கு மறுநாள் அதன் முன்னால் குடங்கள் வரிசை கட்டி நின்றன. கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் காற்றுதான் வந்தது, உள்ளே வாஷர் தேய்ந்து போயிருந்தது. பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் வேறு ஊர்க்காரர், அவர் வரும் வழியெல்லாம் மரம். அன்றைக்கு ஒரு வாஷர் கிடைத்திருந்தால் ஊரே தண்ணீர் குடித்திருக்கும்.

கடைசியில் காப்பாற்றியது சவுண்ட் சர்வீஸ்காரர்களின் ஜெனரேட்டர். கல்யாண வீட்டுக்கு விளக்குப் போடும் அதே ஜெனரேட்டர் ஊர் ஊராகப் போய்த் தொட்டியை நிரப்பியது. வாடகை இஷ்டத்துக்கு ஏறியது என்பது தனிக்கதை, செல்போன் சார்ஜ் போடக்கூடக் காசு வாங்கினார்கள். ஆனால் பல பம்ப் அறைகளில் வெளி ஜெனரேட்டரை இணைக்க வழியே இல்லை. ஒயரைப் பிய்த்து, கையால் முறுக்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இணைத்தார்கள். பம்ப் அறைக்கு, மோட்டாரை மின்வாரிய லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று போட்டு வைத்தால், டிராக்டரில் ஓடும் ஜெனரேட்டரைக்கூட ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். நிதிக்குழு மானியத்தில் ஊராட்சிகளுக்குக் குடிநீருக்கென்றே ஒரு பங்கு வருகிறது. ஊராட்சி அலுவலகத்துக்கு வெள்ளை அடிக்கும் செலவுகூட இதற்கு ஆகாது.

அடுத்தது மரம். முதல் இரண்டு நாள் எங்கள் சாலையைத் திறந்தவர்கள் சவுக்குத் தோப்பில் வேலை செய்கிற பையன்கள். அவர்களிடம் மரம் அறுக்கும் மிஷின் இருந்தது, மற்றவர்களிடம் அரிவாளும் கோடரியும். மிஷினுக்குப் பெட்ரோல் தீர்ந்ததும் அதுவும் நின்றது. பிரசவ வலி வந்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நல்லபடியாகப் பிறந்தது, அது அவர்கள் அதிர்ஷ்டம். பிரசவ தேதி நெருங்கியவர்கள் யார் யார் என்று கிராமச் செவிலியரிடம் பட்டியல் இருக்கும். புயல் சின்னம் உருவானதுமே அவர்களை ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு அனுப்பிவிடலாம். இன்சுலின் போடுகிறவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், தனியாக இருக்கும் கிழவிகள் எல்லோருக்கும் இதே கணக்குத்தான்.

ஆப்த மித்ரா என்று தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் பயிற்சி பெறும் இளைஞன் அடுத்த வருடம் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பான், இதுதான் எங்கள் ஊர்களின் நிலவரம். ஊரை விட்டுப் போகாதவர்கள் மகளிர் குழுப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்பது தாலுகா ஆபீசைவிட அவர்களுக்குத்தான் தெரியும். பயிற்சி முதலில் அவர்களுக்குத் தரப்பட வேண்டும். நீச்சல், கயிறு கட்டுதலை விடுங்கள். கணக்கெடுப்பும், தண்ணீரில் குளோரின் கலப்பதும், முகாமை நடத்துவதும் போதும்.

செல்போனை மட்டும் நம்பியிருப்பதும் சரியில்லை. பேட்டரி தீர்ந்ததும் கோபுரங்கள் அடங்கிவிட்டன, 1077ஐ எதை வைத்து அழைப்பது? 2004 சுனாமியின்போது புதுச்சேரி நல்லவாடு கிராமத்தை நினைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, நல்லவாட்டில் ஊருக்குத் தகவல் சொல்ல இருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், ஊர் தப்பியது. போன் வந்தது ஒருவருக்கு, கேட்டது ஊர் முழுக்க. எங்கள் கோயிலிலும் பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் மைக் இருக்கிறது. பேட்டரியில் ஓடும்படி செய்து, புயல் நேரத்தில் யார் பேசுவது என்று முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.

இதெல்லாம் புதிதாகச் சட்டம் போட்டுச் செய்யவேண்டியதும் இல்லை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டமே, உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், தேவையான சாதனங்களை உடனே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பருவமழைக்குச் சில வாரம் முன்னால் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. கூட்டப் பொருளில் ‘பருவமழை முன்னெச்சரிக்கை’ என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். ஊராட்சிச் செயலர் வேகமாக வாசிப்பார், நாமும் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவோம். அந்த வரிக்கு வரும்போது மக்கள் எழுந்து கேள்வி கேட்க வேண்டும். கைப்பம்பை இன்றைக்கே எல்லோர் முன்னாலும் அடித்துக் காட்டுங்கள். முகாமின் சாவி யாரிடம், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம்? மரம் அறுக்கும் மிஷின் யார் யாரிடம் இருக்கிறது, பெட்ரோல் செலவு யார் தருவது? ஜெனரேட்டர்காரரிடம் வாடகை பேசி முன்பே எழுதி வாங்கியாயிற்றா? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுத வேண்டும். பெயர் எழுதினால்தான் பொறுப்பு வரும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. புயல் எச்சரிக்கை வந்தால் முற்றிய காய்களை இறக்கி, அடிமட்டைகளை வெட்டி விடுங்கள் என்று வேளாண்துறை சொல்கிறது. தலைப்பாரம் குறைந்தால் மரம் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மரம் ஏற ஆள் கிடைப்பதே கஷ்டம், எச்சரிக்கை வந்த பிறகு தேடினால் எங்கே கிடைப்பார்? அவர்களையும் ஊராட்சி முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

மேலே சொன்ன கேள்விகளை எழுதி, எங்கள் ஊராட்சியில் மனுவாகக் கொடுக்கப் போகிறேன். தாங்களும் செப்டம்பர் கடைசியில் இவற்றைக் கட்டம் கட்டி வெளியிட்டால், மற்ற ஊர்க்காரர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போக வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.