சரிவுக்கு நடுவே ஒரு கம்பம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் போலியோ வந்தது. மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டதால் பிழைப்பு ஓடுகிறது. ஊருக்குள் போய்வர வீல்சேர்தான். டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம், குடிதண்ணீர்க் குழாய் எல்லாமே என் கடைக்கு எதிர்ப்பக்கம் இருக்கின்றன. அதாவது எதற்குப் போனாலும் ரோட்டைத் தாண்டியாக வேண்டும்.

கொஞ்ச நாள் முன்பு ரோட்டின் இரண்டு பக்கமும் வடிகால் கட்டி, அதன்மேல் சிலாப் போட்டு, அதையே நடைபாதை என்று விட்டுவிட்டார்கள். வடிகால் சுவர் எவ்வளவு உயரமோ, நடைபாதையும் அவ்வளவு உயரம். ஏறுவதற்கு ஓரிடத்தில் சரிவு போட்டிருக்கிறார்கள். போடவே இல்லை என்று பழி சொல்ல மாட்டேன்.

சரி, கையில்தான் தொழில் இருக்கிறதே என்று இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். நடைபாதை உயரம் 14 அங்குலம். சரிவின் நீளம் 36 அங்குலம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியன் ரோடு காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஆறு அங்குலத்துக்கு மேல், இருக்கவே கூடாது. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர் நடைபாதைக்கு 14 அடிச் சரிவு வேண்டும், இருப்பதோ மூன்றடி. அதில் வீல்சேரை முன்பக்கமாக ஏற்றினால் ஆள் பின்னால் மல்லாந்து விழ வேண்டியதுதான். நடக்கும் வழி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. என் டேப்பின் முழு நீளமே 150 சென்டிமீட்டர்தான். அதை விரிப்பதற்குள் நடைபாதை முடிந்துவிட்டது.

இதற்கெல்லாம் மேலே, பைக் ஏறிவிடக் கூடாதென்று அந்தச் சரிவின் நடுவில் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டிருக்கிறார்கள். கம்பத்துக்கு ஒரு பக்கம் 22 அங்குலம், மறுபக்கம் 21. என் நாற்காலி 26. பைக் என்னவோ தாராளமாக நுழைகிறது.

இதைச் சொன்னால், "அண்ணே, நம்ம ஊர்ல வீல்சேர் எத்தனை இருக்கு, ரெண்டா மூணா? அதுக்காகவா இவ்வளவு?" என்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் காலையில் அரை மணி நேரம் என் கடை வாசலில் வந்து உட்காரட்டும். பக்கத்து வீட்டு மதினி நாலு குடம் வைத்த தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டு வருவார். இந்தச் சீமையில் அந்த வண்டி இல்லாத தெரு உண்டா? முதல் வாரம் அவர் ஒவ்வொரு நிறைகுடமாகத் தூக்கி நடைபாதை மேல் வைத்தார், அப்புறம் வெறும் வண்டியைத் தூக்கினார், மறுபடி குடங்களை அடுக்கினார். இரண்டாவது வாரம் அந்தப் பாட்டையே விட்டுவிட்டார். இப்போது வாலிநோக்கத்து உப்பு லாரி உரசிக்கொண்டு போகும் தார் ரோட்டில்தான் தள்ளுகிறார். மீன் சட்டியைத் தலையில் வைத்து வரும் அக்காமார், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்த கிழவிகள், தர்காவுக்கு நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறவர்கள் என்று எல்லோரும் கீழேதான் நடக்கிறார்கள். சரிவு என் ஒருவனுக்கு இல்லையய்யா.

ரோட்டைத் தாண்டும் இடத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அது போய் முட்டுவது அந்த 14 அங்குலச் சுவரில்! சரிவு இருப்பதோ நாற்பது அடி தள்ளி.

சைக்கிளில் போகும் பிள்ளைகள் கதை வேறு. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளில் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். பின்னால் வரும் வண்டி ஹாரன் அடித்து, மண்ணில் இறங்கு என்கிறது. இறங்கினால் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரல்கடை பள்ளம், அதைத் தாண்டினால் கருவேல முள். வேகத்தைக் குறைக்க வரிசையாகப் போட்ட வெள்ளைப் பட்டைகளையும் விளிம்பு வரை இழுத்திருக்கிறார்கள். ஓரத்தில் மூன்றடி விட்டுப் போட்டிருந்தால் சைக்கிள் குலுங்காமல் போகும்.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை என்பது, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதே மாவட்டத்தில்தான், அதற்கு முந்தைய மாதம், கப்பல் போக வழிவிட்டு 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே மேலே எழும் புது ரயில் பாலத்தைப் பாம்பனில் திறந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன், பெருமையாகத்தான் இருந்தது.

நடைபாதை முழுவதையும் இடித்துக் கட்டச் சொல்லவில்லை. வெள்ளைக் கோடு முட்டும் இடத்தில், இரண்டு பக்கமும், நடைபாதையையே நீளவாக்கில் சரிவாக இறக்கிச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு டெண்டர், மதிப்பீடு எல்லாம் வேண்டும், நாளாகும் என்று எனக்கும் தெரியும். அந்தக் கம்பத்தைப் பிடுங்க ஒரு கடப்பாரையும் கால் மணி நேரமும் போதும். அதை இந்த வாரமே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
ஏர்வாடி அருகே, இராமநாதபுரம் மாவட்டம்